பல சமய வீடு, வேறு நாட்டில் பிறந்த குழந்தை: பண்டிகைகளும் கொடைகளும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் கிறிஸ்தவர். எங்கள் மகள் பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடொன்றில் பிறந்து, ஐந்து வயதில் தத்தெடுப்பின் வழியாக எங்களிடம் வந்தவள். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இந்தப் பத்து ஆண்டுகளில், தத்தெடுக்கக் காத்திருப்பவர்களும் அண்மையில் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகள் இவை. சட்டம் பற்றி நான் சொல்பவை சர்வதேச உடன்படிக்கைகளில் உள்ளவை. ஒவ்வொரு நாடும் அவற்றுக்கு மேல் தன் நிபந்தனைகளை வைத்திருக்கக்கூடும் என்பதால், எந்த முடிவுக்கும் முன்னால் உங்கள் நாட்டில் தத்தெடுப்புக்குப் பொறுப்பான அரசு அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேறு நாட்டிலிருந்து தத்தெடுத்த குழந்தை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது?

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இதைத் தொடும் முக்கியமான பிரிவுகள் இரண்டு உள்ளன. பதினான்காம் பிரிவு, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்குமான சுதந்திரம் குழந்தைக்கு உண்டு என்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவதில், வளர்ந்துவரும் அதன் பக்குவத்துக்கு ஏற்றபடி வழிகாட்டும் உரிமையையும் கடமையையும் பெற்றோருக்குத் தருகிறது. இருபதாம் பிரிவு, சொந்தக் குடும்பச் சூழலை இழந்த குழந்தைக்கு மாற்று ஏற்பாடு செய்யும்போது, அதன் வளர்ப்பில் தொடர்ச்சி இருப்பது விரும்பத்தக்கது என்பதையும், அதன் இன, சமய, பண்பாட்டு, மொழிப் பின்னணியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்காகவே 1993 மே 29 அன்று நிறைவேறிய ஹேக் உடன்படிக்கையின் பதினாறாம் பிரிவும், குழந்தை பிறந்த நாட்டின் அதிகார அமைப்பு அதன் வளர்ப்பையும் இன, சமய, பண்பாட்டுப் பின்னணியையும் கவனிக்க வேண்டும் என்று விதிக்கிறது.

இவை எதுவும் குழந்தையைப் பிறந்த சமயத்திலேயே வளர்க்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அக்குழந்தை வெற்றுத்தாளாக உங்கள் வீட்டுக்குள் வரவில்லை என்பதை மூன்று பிரிவுகளும் ஒருசேரச் சொல்கின்றன. எங்கள் வீட்டில் நாங்கள் எடுத்த முடிவு இது: எங்கள் இருவரின் வழிபாட்டிலும் அவள் எங்களோடு இருப்பாள், அவள் பிறந்த நாட்டின் வழிபாட்டை அவள் அறிந்து வளர்வதற்கு நாங்கள் வகை செய்வோம், எதில் நிற்பது என்பதை அவளே சொல்வாள். மூன்றையும் ஒரே அளவில் தர எங்களால் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நாங்கள் வாழாத ஒரு சமயத்தை, வாழ்பவர்கள் தரும் ஆழத்தோடு எங்களால் தர இயலாது. அந்தக் குறையை ஈடுசெய்ய, அவள் பிறந்த நாட்டைச் சேர்ந்த குடும்பங்களின் நட்பைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

கேள்வி: தத்தெடுப்பு ஆவணங்களில் சமயம் குறிப்பிடப்படவில்லை. பெற்ற தாயின் சமயம் என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல குழந்தைகளின் விஷயத்தில் தெரிந்துகொள்ளவே முடியாமல் போகலாம். ஆவணத்தில் எழுதியிருப்பதும் உண்மையாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பெற்றோர் உயிரோடிருந்த குழந்தைகளைக்கூட ஆதரவற்றவர்கள் என்று பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்பிய நிகழ்வுகள் இருந்ததை 2025 மார்ச்சில் வெளிப்படையாக அறிவித்தது. ஆகவே, ‘இந்த நாட்டில் பிறந்தவள், எனவே இந்தச் சமயத்தவள்’ என்று நீங்களாக முடிவுகட்டி அதைக் குழந்தையிடம் உண்மை போலச் சொல்ல வேண்டாம். ‘நீ பிறந்த ஊரில் பலர் இந்த நாளைக் கொண்டாடுவார்கள், உன் அம்மாவும் கொண்டாடியிருக்கலாம்’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குழந்தையோடு வந்த பொருள்களைப் பத்திரப்படுத்துங்கள். என் மகள் வந்தபோது அவள் இடது மணிக்கட்டில் அழுக்கேறிப் பழுப்பு நிறமாகிவிட்ட ஒரு நூல் கட்டியிருந்தது. வந்த மூன்றாம் வாரம் தீபாவளி. அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, புதுத்துணிக்கு அந்த நூல் பொருந்தாது என்று எண்ணிக் கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் கையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரோரம் போய்விட்டாள்; அழவும் இல்லை, பேசவும் இல்லை. அவளுடைய மொழியில் எனக்கு அப்போது இருபது சொற்கள்கூடத் தெரியாது. கத்தரிக்கோலைத் தரையில் வைத்து, கால் விரலால் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் அவள் அருகில் வந்தாள். சில மாதங்களில் நூல் தானாக நைந்து அறுந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறோம். யார் கட்டியது, எந்த வேண்டுதலுக்காகக் கட்டியது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கேள்வி: வந்த முதல் ஆண்டில் பண்டிகைகளை எவ்வளவு சிறப்பாகக் கொண்டாடலாம்?

மிகச் சிறியதாகக் கொண்டாடுங்கள். காப்பகத்தில் வளர்ந்த குழந்தைக்குக் கூட்டம், ஓசை, இருட்டில் திடீரெனத் தோன்றும் வெளிச்சம், முத்தமிட வரும் முன்பின் தெரியாத உறவினர்கள், இரவு நெடுநேரம் விழித்திருப்பது ஆகியவை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் அது கொண்டாட்டமாக இராது. விருந்தாளிகள் வந்து பரிசுகளோடு தன்னைச் சூழ்ந்துகொள்வதை, தன்னை வேறோர் இடத்துக்கு அழைத்துப்போக வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்ட குழந்தைகள் உண்டு. ஏனென்றால் முன்பு ஒருமுறை அப்படித்தான் நடந்திருக்கிறது: புதியவர்கள் பொம்மையோடு வந்தார்கள், அதன்பின் வாழ்க்கை முழுவதும் மாறிப்போயிற்று.

என்ன நடக்கப்போகிறது என்பதை முந்தைய நாளே படம் வரைந்து காட்டுங்கள். வருபவர்களின் புகைப்படங்களைக் காட்டி, அவர்கள் எப்போது திரும்பிப் போவார்கள் என்பதையும், குழந்தை உங்களோடு இதே வீட்டில்தான் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவேளைக்கு ஒரு பரிசு போதும். எங்கள் மகள் முதல் கிறிஸ்துமஸில் எந்தப் பரிசையும் பிரிக்கவில்லை. வண்ணத்தாளுடன் அப்படியே கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தாள். பிரித்தால் பறிபோய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ. மார்ச் மாதம் வரை அவை அங்கேயே இருந்தன. பிரிக்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்தவில்லை.

கேள்வி: இரண்டு சமயங்களின் பண்டிகைகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே நாளில் கொண்டாடிவிடலாமா?

நான் அதை விரும்புவதில்லை. கலந்துவிட்ட பண்டிகையில் குழந்தைக்கு விளக்கும் பரிசும் மட்டுமே மிஞ்சும். எதற்காக அந்த நாள் என்பது போய்விடும். ஒவ்வொரு பண்டிகையையும் அதற்குரிய நாளில், அதற்குரிய கதையோடு கொண்டாடுங்கள். வீட்டில் யாருடைய பண்டிகையோ அவர் முன்நின்று நடத்தட்டும். மற்றவர் விருந்தினராக இருக்கட்டும். கிறிஸ்துமஸ் இரவில் நான் ஆலயத்தில் அமர்ந்திருப்பேன், ஆனால் நற்கருணை வாங்கச் செல்லமாட்டேன். இதை மகள் பார்க்கிறாள். ஒருவர் நம்பாததை மதிக்கவும் முடியும் என்பதை அவள் அங்கே கண்டுதான் கற்றாள்.

நாட்காட்டி இதற்குத் தானாகவே உதவி செய்கிறது. கிறிஸ்துமஸ் பெரும்பாலான திருச்சபைகளில் டிசம்பர் 25 அன்று நிலையாக நிற்கிறது. இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாட்களைக் கொண்ட சந்திர ஆண்டு என்பதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. 2030-இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் ரமலான் தொடங்கும். யூத நாட்காட்டி 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பருவத்தோடு இணைந்தே செல்கிறது. ஆகவே பண்டிகைகள் தாமாகவே ஒன்றையொன்று சந்திக்கும் ஆண்டுகள் உண்டு: 2024-இல் டிசம்பர் 25 மாலையில்தான் யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் விளக்கு ஏற்றப்பட்டது. அத்தகைய ஆண்டில் காலையை ஒன்றுக்கும் மாலையை இன்னொன்றுக்கும் கொடுத்தால் போதும். ஆண்டின் தொடக்கத்திலேயே மூன்று சமயங்களின் நாட்களையும் ஒரே காகிதத்தில் குறித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். குழந்தையின் பிறந்த நாட்டுப் பண்டிகை அந்தத் தாளில் விடுபட்டுப்போனால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் குழந்தையாகத்தான் இருப்பார்.

கேள்வி: ஞானஸ்நானம் கொடுக்கலாமா? வேறு சமயச் சடங்குகள் செய்யலாமா?

பெரும்பாலான சமயங்கள் இதைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, குழந்தைக்கு முறையாக ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோரில் ஒருவரேனும் சம்மதிக்க வேண்டும். கத்தோலிக்க நெறியில் குழந்தை வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையும் இருக்க வேண்டும். யூத மரபில், சிறுவயதில் மதம் மாற்றப்பட்ட தத்துப்பிள்ளை, பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 என்ற சமய வயதை எட்டும்போது அதை ஏற்கவோ மறுக்கவோ உரிமை பெறுகிறது. இஸ்லாமியச் சட்டத்தில் தந்தை வழியை மாற்றும் தத்தெடுப்பு கிடையாது. ‘கஃபாலா’ என்ற பொறுப்பேற்பு உண்டு, குழந்தை தன் பிறப்பு வழியின் பெயரை இழப்பதில்லை. ஐ.நா. உடன்படிக்கையின் இருபதாம் பிரிவு கஃபாலாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

என் கருத்து எளிமையானது. கைக்குழந்தையாக வந்தால், தம்பதியர் இருவரும் ஒப்புக்கொண்டதைச் செய்யுங்கள். பேசத் தெரிந்த குழந்தையாக வந்தால் காத்திருங்கள். பெயரும் மொழியும் ஊரும் ஒரே ஆண்டில் மாறிப்போன குழந்தையிடம் கடவுளையும் அதே ஆண்டில் மாற்றச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: தாத்தா பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ‘எங்கள் பேத்தி என்றால் எங்கள் வழக்கப்படிதான்’ என்கிறார்கள். என்ன செய்வது?

அந்தச் சொல்லில் ‘எங்கள் பேத்தி’ என்பது இருக்கிறதே, முதலில் அதற்கு மகிழுங்கள். பல குடும்பங்களில் அந்தச் சொல் வருவதற்கே ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் எல்லையைக் கணவனும் மனைவியும் அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்ல வேண்டும். மருமகளோ மருமகனோ சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும். சொல்ல வேண்டிய எல்லைகள் இரண்டு. எங்களுக்குத் தெரியாமல் எந்தச் சடங்கும் கூடாது. குழந்தை பிறந்த நாட்டின் வழிபாட்டையோ அதன் பெற்ற தாயையோ அதன் காதுபட இழிவாகப் பேசக் கூடாது. மற்றபடி கதை சொல்வது, பாட்டுப் பாடுவது, கோயிலுக்கோ ஆலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ உடன் அழைத்துச் செல்வது எல்லாம் தாத்தா பாட்டியின் உரிமை. அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: ‘அநாதைக் குழந்தைக்கு வாழ்வு கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டீர்கள்’ என்று பண்டிகை நாட்களில் உறவினர்கள் குழந்தையின் முன்னாலேயே சொல்கிறார்கள். தத்தெடுப்பு தர்மம்தானே?

இல்லை. நான் மிகுந்த அழுத்தத்தோடு விடை சொல்ல விரும்பும் கேள்வி இது.

மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆலய வாசலில் தூர நாட்டுக் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் அட்டைப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு சிறுமியின் படம் ஒட்டப்பட்டிருந்தது: ஒட்ட வெட்டிய முடி, பெரிய கண்கள், தோளிலிருந்து நழுவும் சட்டை. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வைத்திருந்தார்கள். போடுவதற்காக நான் கொடுத்த நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகள் படத்தையே பார்த்தாள். காப்பகத்தில் எடுத்த அவளுடைய முதல் புகைப்படத்திலும் முடி அப்படித்தான் வெட்டப்பட்டிருக்கும். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, நானும் இப்படிப் பெட்டியில இருந்தேனா? நீங்க காசு போட்டீங்களா?”

தத்தெடுப்பைத் தர்மம் என்று சொல்லும்போது குழந்தையின் காதில் விழுவது இதுதான்: நீ பெற்றுக்கொண்டவள், நாங்கள் கொடுத்தவர்கள். கொடை வாங்கியவருக்கு நன்றிக்கடன் உண்டு; நன்றிக்கடன் சுமக்கும் பிள்ளை கோபப்பட முடியாது, பெற்ற தாயை நினைத்து அழ முடியாது, பண்டிகை நாளில் முகம் வாடவும் முடியாது. சட்டமும் இதைக் கொடையாகக் காணவில்லை. ஐ.நா. உடன்படிக்கையின் இருபத்தொன்றாம் பிரிவு தத்தெடுப்பில் குழந்தையின் நலனே முதன்மையானது என்கிறது; பிறந்த நாட்டிலேயே தகுந்த பராமரிப்புக் கிடைக்காதபோதுதான் வெளிநாட்டுத் தத்தெடுப்பை மாற்று வழியாகக் கருதலாம் என்கிறது. குடும்பம் என்பது அக்குழந்தைக்குச் சேர வேண்டியது.

உறவினர்களுக்கு நான் சொல்லும் விடை, மகள் கேட்கும்படியாகவே சொல்வது: “எங்களுக்கு ஒரு மகள் வேண்டும் என்று ஏங்கினோம். அவள் வந்தாள். புண்ணியம் எதுவும் நாங்கள் செய்யவில்லை.” அதற்கு மேல் பேச்சு நீண்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன், அவளையும் அழைத்துக்கொண்டு.

கேள்வி: குழந்தை வளர்ந்த காப்பகத்துக்குப் பண்டிகைதோறும் நன்கொடை அனுப்ப விரும்புகிறோம். அனுப்பலாமா?

நல்ல எண்ணம், ஆனால் கவனம் மிகத் தேவைப்படும் இடம்.

தத்தெடுப்பு இன்னும் முடியவில்லை என்றால், கட்டாயம் வேண்டாம். ஹேக் உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, பெற்றோரின் சம்மதம் பணத்தாலோ இழப்பீட்டாலோ தூண்டப்பட்டதாக இருக்கக் கூடாது என்கிறது. முப்பத்திரண்டாம் பிரிவு, இந்த நடைமுறையால் எவரும் முறையற்ற ஆதாயம் பெறக் கூடாது என்றும், செலவுகளும் நியாயமான தொழில்முறைக் கட்டணமும் மட்டுமே வாங்கலாம் என்றும் விதிக்கிறது. நன்கொடை என்ற பெயரில் போகும் பணம், அடுத்த குழந்தையை விரைவாக அனுப்பும் ஆசையைக் காப்பகத்தில் வளர்க்கக்கூடும். நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும் பணம் தன் வேலையைச் செய்யும். ‘விருப்ப நன்கொடை’ என்று சொல்லி ஒரு குறிப்பிட்ட தொகையை யாராவது கேட்டால், அதை எழுத்தில் கேட்டு, அதிகார அமைப்பிடம் காட்டுங்கள்.

தத்தெடுப்பு முடிந்த பின்னும், கட்டடத்துக்குக் கொடுப்பதைவிடக் குடும்பங்களுக்குப் போகும் உதவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார். வறுமையும் நோயும் ஊனமும் பள்ளிக்கு வழியில்லாமையும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு நடந்த நீண்ட கால ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் அறிவுத்திறனிலும் பாசப் பிணைப்பிலும் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு அந்தப் பயன் கூடுதலாக இருந்தது. ஆகவே தாயும் பிள்ளையும் பிரியாமல் இருக்க உதவும் அமைப்பு, பிரிந்தவர்களைச் சேர்க்கும் அமைப்பு, அந்நாட்டிலேயே வளர்ப்புக் குடும்பங்களைப் பயிற்றுவிக்கும் அமைப்பு ஆகியவற்றுக்கு உங்கள் பணம் போகட்டும். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். குழந்தைகளின் முகத்தைக் காட்டிப் பணம் கேட்கிறார்களா என்று பாருங்கள். காட்டினால் நான் விலகிவிடுவேன். வரிவிலக்கைப் பொறுத்தவரை, பல நாடுகளில் எல்லை தாண்டிப் போகும் நன்கொடைக்கு அது கிடைப்பதில்லை.

காப்பகத்தில் உங்கள் குழந்தையை வளர்த்த ஆயாவுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதமும் புகைப்படமும் அனுப்புங்கள். பணத்தைவிட அதைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள்.

கேள்வி: பண்டிகை நாளில் குழந்தையை ஒரு காப்பகத்துக்கு அழைத்துச்சென்று பரிசு கொடுக்க வைக்கலாமா?

வேண்டாம். ஒருநாள் வந்து கட்டியணைத்துவிட்டுப் போகிறவர்களின் வரிசை அங்கே இருக்கும் குழந்தைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவு. ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பர் 18 அன்று நிறைவேற்றிய தீர்மானம், சுற்றுலா சார்ந்த காப்பகத் தன்னார்வத் திட்டங்கள் குழந்தைக் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் இட்டுச்செல்லக்கூடும் என்று கூறி, அவற்றைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. உங்கள் குழந்தையின் பக்கமிருந்தும் எண்ணிப் பாருங்கள்: தான் ஒருகாலத்தில் நின்ற வரிசைக்கு எதிரே நின்று பரிசு நீட்டும்படி அதனிடம் கேட்கிறீர்கள். வளர்ந்தபின், தானே கேட்டு, தான் இருந்த இடத்தைப் பார்க்கப் போவது வேறு.

கேள்வி: பெற்ற குடும்பத்தோடு தொடர்பு கிடைத்திருக்கிறது. பண்டிகைக்குப் பணம் அனுப்பலாமா?

முதலில், தொடர்பு சட்டத்துக்கு உட்பட்டதா என்று பாருங்கள். தத்தெடுப்பின் நிபந்தனைகள் நிறைவேறும் வரை, உறவினருக்குள் நடக்கும் தத்தெடுப்பு போன்ற விலக்குகள் தவிர, தத்தெடுப்பவர்களும் பெற்றவர்களும் சந்திக்கக் கூடாது என்பது ஹேக் உடன்படிக்கையின் இருபத்தொன்பதாம் பிரிவு. அதன் பின் அனுப்புவதாக இருந்தால், உறவினருக்கு அனுப்புவதுபோல அனுப்புங்கள்: அளவாக, நிலையாக, கணக்குக் கேட்காமல். ‘உங்கள் பிள்ளைக்கு ஈடாக’ என்ற பொருள் எள்ளளவும் வரக் கூடாது. தொகையைக் குழந்தை வழியாகப் பேசவோ அனுப்பவோ வேண்டாம். வளர்ந்த பிள்ளைமேல் இரு குடும்பங்களின் பணச்சுமையும் ஏறிவிடும். அவர்கள் பண்டிகைக்கு ஏதாவது அனுப்பினால், எவ்வளவு சிறியதாயினும் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் இடம் அவர்களுக்கும் வேண்டும்.

கேள்வி: கொடை பற்றி எங்கள் இரு சமயங்களும் வெவ்வேறு கணக்குச் சொல்கின்றன. வீட்டு வரவு செலவில் எப்படிப் பொருத்துவது?

கணக்கின் அடிப்படையே வேறு என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதிச் சச்சரவு தீரும். இஸ்லாத்தில் ஜகாத், ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையிருந்த செல்வத்தின்மேல் 2.5 விழுக்காடு, அதாவது நாற்பதில் ஒரு பங்கு. யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு எட்டு வகையினர் குர்ஆனில் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் பலர் கடைப்பிடிக்கும் தசமபாகமும் சீக்கியர்களின் தஸ்வந்தும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்து, பௌத்த மரபுகளில் தானத்துக்கு எல்லோரையும் கட்டும் ஒரே விழுக்காடு கிடையாது. யூதர்களின் ‘செதாக்கா’ என்ற சொல்லும் முஸ்லிம்களின் ‘சதக்கா’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை; எபிரேயத்தில் அதற்கு நீதி என்ற பொருள் உண்டு. தத்தெடுத்த குடும்பத்துக்கு இந்தப் பொருள் மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு, ஏனெனில் நீதியில் கொடுப்பவர் மேலே இல்லை.

நடைமுறையில், சமயக் கடமையாக இருப்பதை அவரவர் தம் பங்கிலிருந்து அவரவர் விதிப்படி கொடுத்துவிட்டு, கணக்கை மற்றவருக்குத் திறந்து காட்டுவது நல்லது. அதற்கு மேல் பொதுவில் ஒரு தொகையை ஒதுக்கி, அதை யாருக்குக் கொடுப்பது என்பதை மூவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கலாம். மூன்றாவது குரல் குழந்தையுடையது.

கேள்வி: அப்படியானால் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கத்தை எப்படிக் கற்பிப்பது?

அது முன்பே கற்றுக்கொண்டிருக்கலாம். காப்பகத்தில் வளர்ந்த பல குழந்தைகள், தம்மைவிடச் சிறியவர்களுக்குத் தட்டிலிருந்து எடுத்து ஊட்டியவர்கள். அதே குழந்தை புதிய வீட்டில் உணவைத் தலையணைக்கு அடியில் பதுக்குவதும் உண்டு. பதுக்குவதைப் பேராசை என்று எண்ணிப் பகிர்ந்துகொள்ளக் கட்டாயப்படுத்தாதீர்கள். தன்னுடையது என்று ஒன்று நிலையாக இருக்கிறது என்ற நம்பிக்கை வந்த பிறகே கொடுப்பது கொடையாகும். அதற்கு முன் அது பறிப்புதான். குழந்தையின் பழைய பொம்மையைக்கூட அதைக் கேட்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் மகளுக்கென ஒரு தகர உண்டியல் இருக்கிறது. அந்த ஆலய வாசலில் அவள் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்ட நாணயம்தான் அதன் முதல் காசு. என்ன செய்யப்போகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒன்பது வயதில் அதைத் திறந்து எண்ணி, பள்ளியில் மழைக்கோட்டு இல்லாமல் வந்த தோழிக்கு ஒன்று வாங்கித் தர வேண்டும் என்றாள். “நான் கொடுத்தேன்னு சொல்லக் கூடாது” என்பது அவள் வைத்த ஒரே நிபந்தனை. ஆசிரியை வழியாகக் கொடுத்தோம்.

கேள்வி: பண்டிகை நாட்களில் எங்கள் குழந்தை காரணமில்லாமல் அழுகிறது, அல்லது முரண்டு பிடிக்கிறது. ஏன்?

காரணம் இருக்கும். குடும்பம் கூடும் நாளில் கூடாத குடும்பத்தின் நினைவு வருகிறது. நினைவே இல்லாத வயதில் வந்த குழந்தைக்கும், ‘என் அம்மா இன்று என்ன செய்துகொண்டிருப்பார்?’ என்ற கேள்வி வரும். அந்த வருத்தத்துக்குப் பண்டிகைக்குள் ஓரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஏற்றும் விளக்குகளில் ஒன்றும், கிறிஸ்துமஸ் இரவில் ஏற்றும் மெழுகுவர்த்திகளில் ஒன்றும், பௌத்தர்களின் பண்டிகையான வெசாக் பௌர்ணமியில் ஏற்றும் விளக்குகள் எல்லாமும் அவளைப் பெற்றவருக்கு. அதை மகள்தான் ஏற்றுவாள். சில ஆண்டுகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அப்போது ஏற்றவில்லை. அழுகை பல வாரங்கள் நீடித்தாலோ, உறக்கமும் உணவும் கெட்டாலோ, தத்தெடுத்த குழந்தைகளோடு பழகிய உளவியல் ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: வளர்ந்தபின் எங்கள் இரு சமயங்களையும் வேண்டாம் என்றால்?

சொல்லக்கூடும். பிறந்த நாட்டின் சமயத்துக்குத் திரும்பலாம், எதுவும் வேண்டாம் என்று இருக்கலாம், நீங்கள் எதிர்பார்க்காத மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கலாம். பெற்ற பிள்ளைகளும் இதையெல்லாம் செய்கிறார்கள். தத்தெடுத்த பெற்றோருக்கு மட்டும் அது, பிள்ளை தம்மையே வேண்டாமென்று சொல்வதுபோல் வலிக்கிறது. அந்த வலியைப் பிள்ளையிடம் கொண்டுபோகாமல் நீங்கள் இருவரும் உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு வா என்று அழைப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். வழிபாட்டுக்கு அழைக்க வேண்டியதில்லை, வீட்டுக்கு அழைத்தால் போதும்.

சென்ற ஆண்டு என் மகள், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வரவில்லை என்று தன் அப்பாவிடம் முதன்முறையாகச் சொன்னாள். அவர் சரி என்று மட்டும் சொன்னார், அவருக்கு வருத்தம்தான். நள்ளிரவு தாண்டி நாங்கள் திரும்பியபோது அவள் உறங்காமல் கூடத்தில் அமர்ந்திருந்தாள். மேசையில் மூன்று மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. நான்காவதை ஏற்றாமல் வைத்திருந்தாள். அப்பாவின் கையில் தீப்பெட்டியைக் கொடுத்து, “இந்த வருஷம் அவங்களுக்கு நீங்க ஏத்துங்கப்பா” என்றாள்.